நந்தினி ஏன் அப்படிச் செய்தாள்? ரசிகர் புனைவில் பாத்திரங்களின் முடிவுகளைப் பற்றிப் பேசும் முறை

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை வைத்து ரசிகர் புனைவு, அதாவது ஏற்கெனவே உள்ள கதையின் பாத்திரங்களைக் கொண்டு புதுக் கதை, எழுதுபவர்களும் அவற்றைப் படிப்பவர்களும் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொல்லப்பட்ட அந்த இரவில்தான் வந்து நிற்கும். ஆபத்து காத்திருக்கிறது என்று பலரும் எச்சரித்த பிறகும் கரிகாலன் ஏன் அங்கே போனான், அவனைப் பழிவாங்கக் காத்திருந்த நந்தினி கையில் வாள் இருந்தும் ஏன் தயங்கினாள், தான் செய்யாத கொலையை மணிமேகலை ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று கேள்விகள் வரிசையாக எழும். இவை நல்ல கேள்விகள். ஆனால் பெரும்பாலும் இவற்றுக்குப் பதிலாக வருபவை தீர்ப்புகள்: 'அவள் நஞ்சு', 'அவன் முன்கோபி', 'எல்லாவற்றுக்கும் குந்தவைதான் காரணம்'. தீர்ப்பு வந்ததும் பேச்சு கட்சி கட்டலாகிவிடுகிறது. அதிலிருந்து எழுதுபவருக்கு ஒரு காட்சிகூடக் கிடைப்பதில்லை. ஒரு பாத்திரத்தின் முடிவைப் பற்றி எப்படிப் பேசினால் அடுத்த கதைக்கு உதவும் என்பதை, பெரும்பாலும் இந்த ஒரு நாவலையே எடுத்துக்காட்டாக வைத்து, இங்கே விளக்க முயல்கிறேன். நாவலின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், ஐந்து பாகங்களையும் இன்னும் படித்து முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது.

முதலில் எந்த மூலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். ரசிகர்கள் 'கேனன்' என்று சொல்வது, எல்லோரும் உண்மை என்று ஒப்புக்கொள்ளும் மூலக்கதையை. நம் விஷயத்தில் அது ஒன்றல்ல, குறைந்தது மூன்று. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர்கதை ஒன்று. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த திரைப்படம் இன்னொன்று. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இருக்கும் சோழ வரலாறு மூன்றாவது. மணிமேகலை திரைப்படத்தில் இல்லவே இல்லை. நாவலில் அரியணை ஏறும் உத்தம சோழன் யார் என்பதில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. படம் அதைக் கைவிட்டுவிட்டது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இருக்கும், இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நந்தினி என்ற பெண்ணோ அதில் எங்கும் இல்லை, ஏனென்றால் அவள் கல்கியின் கற்பனை. ஒருவர் படத்தின் நந்தினியையும் மற்றவர் நாவலின் நந்தினியையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லி அரை நாள் வாதாடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 'நான் நாவலை வைத்துப் பேசுகிறேன்' என்று ஒரு வரி முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பின்னாளில் இராஜராஜனான அருள்மொழி முடியைத் தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் தேடுபவருக்குத் திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு நல்ல தொடக்கம்; சிற்றப்பன் நாட்டை விரும்பிய வரையில் அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று அது சொல்கிறது. கல்கி அந்த ஒரு செய்தியைத்தான் 'தியாகச் சிகரம்' என்ற கடைசிப் பாகமாக வளர்த்தார். கரிகாலன் கொலையை வைத்து, உத்தம சோழனுக்கே அதில் பங்கு இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். பிற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ரசிகர் புனைவு எழுதுபவர் இந்த இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை. எடுத்ததைச் சொல்லிவிட்டு எழுதினால் போதும்.

மூலம் எது என்று தெளிந்த பிறகு வர வேண்டிய கேள்வி, நமக்கு இந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்பது. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில் விவாதத்தின் பாதி இங்கேதான் தீர்கிறது. நந்தினியின் இளமைக் காலத்தைப் பற்றியும், பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலை விழுந்த அந்த நாளைப் பற்றியும் நாவலின் முதல் பாகத்தில் நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் மாமல்லபுரத்தில் கரிகாலன் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம் சொல்லும் கதையின் வழியாக. சொல்பவன் அவளைக் காதலித்தவன். அவள் கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியனை வெட்டியவன். மூன்று ஆண்டுகளாக அந்த நினைவிலிருந்து விடுபட முடியாதவன். அவன் பொய் சொல்கிறான் என்று நான் கூறவில்லை. ஆனால் அவள் முகத்தில் அவன் கண்டதாகச் சொல்லும் ஒவ்வொரு பாவமும் அவனுடைய குற்ற உணர்ச்சியின் ஊடாகக் கண்டது. 'நந்தினி அன்று பழிவாங்கும் வெறியோடு பார்த்தாள்' என்று ஒருவர் சொன்னால், 'அப்படிக் கரிகாலன் சொல்கிறான்' என்று திருத்திக் கொடுங்கள். அந்தச் சிறு திருத்தம் ஒரு முழுக் கதைக்கு இடம் திறந்துவிடும்: அதே நாளை அவள் சொன்னால் எப்படி இருக்கும்?

வீரபாண்டியனுக்கும் நந்தினிக்கும் என்ன உறவு என்ற பழைய சண்டையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். நாவலில் இது இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொல்லப்படுகிறது. எந்த வரியை யார், யாரிடம், என்ன காரியம் சாதிப்பதற்காகச் சொல்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், முரண் என்று தோன்றிய பலவும் முரணாக இல்லாமல் ஒவ்வொருவரும் அப்போது அறிந்த அளவாகவோ, அப்போது சொல்ல விரும்பிய அளவாகவோ தெரியும். இந்தத் தாளை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பாகம், எந்த அத்தியாயம், யார் வாய்மொழி, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்ற நான்கு விவரங்கள் இருந்தால் போதும்.

அடுத்தது காலம். ஒரு பாத்திரம் அந்தக் கணத்தில் எதை அறிந்திருந்தது, எதை நம்பியது என்பதற்கு அப்பால் போய் அதன் செயலுக்குக் காரணம் தேடக்கூடாது. முழு நாவலையும் படித்து முடித்த நமக்கு எல்லா இரகசியங்களும் தெரியும்; அதனால் முதல் பாகத்தில் கரிகாலனின் தங்கை குந்தவைக்கும் அவை தெரியும் என்று நம்மை அறியாமலேயே நினைத்துவிடுகிறோம். பழையாறை அரண்மனையில் இளம்பெண்களாக இருந்தபோது குந்தவை நந்தினியை ஏன் ஒதுக்கினாள் என்று கேட்டால், 'அவள் தன் தந்தையின் மகளாக இருக்கக்கூடும் என்பதால், அண்ணனை அவளிடமிருந்து காப்பாற்றினாள்' என்று சிலர் விடை சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சுந்தர சோழர் தம் இளமைக் காலத்து ஈழத் தீவுக் கதையையும் கரையர் குலப் பெண்ணையும் பற்றி மகளிடம் மனம் திறப்பது நாவலின் நிகழ்காலத்தில், அதாவது பழையாறை நாட்கள் முடிந்து பல ஆண்டுகள் கழித்து. பிறகு அறிந்ததை முன்பு செய்ததற்குக் காரணமாக்க முடியாது. அப்படியானால் பொறாமையா, குல கௌரவமா, அரண்மனையில் தனக்கு நிகராக இன்னொருத்தி வளர்வதைப் பொறுக்காத இளமைத் திமிரா என்று தேட வேண்டும். குந்தவையை வழிபடும் ரசிகர்களுக்கு இந்தத் தேடல் பிடிக்காது. எழுதுபவருக்கோ இங்கேதான் ஒரு மனுஷி கிடைக்கிறாள்.

இதன் மறுபக்கமும் உண்டு. நந்தினி தங்களுக்கு உடன்பிறந்தவள் முறை என்று குந்தவை பின்னர் நம்பி, அந்தச் செய்தியை நாவலின் நாயகன் வந்தியத்தேவன் மூலம் கரிகாலனுக்குச் சொல்லி அனுப்புகிறாள். அந்த நம்பிக்கை தவறு என்பது வாசகருக்குக் கடைசியில்தான் விளங்குகிறது. தவறாக இருந்தாலும், அதை உண்மை என்று எண்ணி அவள் செய்தவற்றுக்கு அதுவே காரணம். மனிதர்கள் தாங்கள் நம்புவதைக் கொண்டே நடக்கிறார்கள். நம்பியது பொய்யாகிப் போனால் செயல் வீணாகலாம், நோக்கம் மாறிவிடாது.

இனி கடம்பூருக்கு வருவோம். மேலே சொன்னவற்றை ஒரே கேள்வியில் பொருத்திப் பார்த்தால்தான் முறை விளங்கும். கேள்வி: கரிகாலன் ஏன் போனான்? நாவல் தரும் செய்திகள் இவை. அழைப்பு நந்தினியிடமிருந்து வருகிறது. கடம்பூர்ச் சிற்றரசர் சம்புவரையர் மகள் மணிமேகலையை அவனுக்கு மணம் பேசுவது அதன் வெளிக்காரணம். பாட்டனார் மலையமான் போக வேண்டாம் என்கிறார். தங்கை வந்தியத்தேவனை அனுப்பித் தடுக்கப் பார்க்கிறாள். அவன் போகிறான். போன இடத்தில் சம்புவரையரையும் மற்றவர்களையும் சொல்லால் குத்திக்கொண்டே இருக்கிறான். நந்தினியின் கணவரான பெரிய பழுவேட்டரையரைத் தஞ்சைக்குப் போய், அரியணைக்குச் சதிகாரர்கள் நிறுத்தும் மதுராந்தகனை அழைத்து வரச் சொல்கிறான். கடைசி இரவில் நந்தினியின் முன் தனியாக நிற்கிறான்.

ரசிகர்களிடையே இதற்கு நான்கு விளக்கங்கள் புழங்குகின்றன. வீரச் செருக்கு என்பது முதலாவது: சிற்றரசன் ஒருவன் மாளிகைக்குப் போகச் சோழ இளவரசன் அஞ்சினான் என்ற பேச்சை அவனால் தாங்க முடியாது. அரசியல் கணக்கு இரண்டாவது: சதி செய்பவர்களை ஓரிடத்தில் கூட்டி, நாட்டைப் பங்கிட்டாவது உள்நாட்டுப் போரைத் தவிர்க்கப் பார்க்கிறான். உண்மையை அவள் வாயால் கேட்டே தீர வேண்டும் என்ற தவிப்பு மூன்றாவது. சாக விரும்பியே போனான் என்பது நான்காவது. இவற்றில் எது சரி என்று வாக்கெடுப்பு நடத்துவதில் பயனில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்தச் செயலை விளக்குகிறது, எந்தச் செயலை விளக்காமல் விட்டுவிடுகிறது என்று கேட்க வேண்டும். செருக்கு, அவன் போனதை விளக்கும். போன பிறகு தன்னைக் கொல்லும்படி அவளிடமே சொல்லும் மனநிலையை விளக்காது. அரசியல் கணக்கு, பழுவேட்டரையரைத் தஞ்சைக்கு அனுப்பியதை விளக்கும். சமாதானம் பேச வந்தவன் வீட்டுக்காரரை இப்படியா அவமதிப்பான் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. சாகும் விருப்பம் பெரும்பாலானவற்றை விளக்குவது போலத் தோன்றும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் மணிமேகலையின் திருமணப் பேச்சு, வேட்டை, ஏரிப் பயணம் எல்லாம் வெறும் நேரப் போக்காகிவிடும்.

என் சாய்வு மூன்றாவதின் பக்கம். பழுவேட்டரையரை அனுப்பிய செயலை அரசியல் என்றும் படிக்கலாம், கணவரை அப்புறப்படுத்தி அவளோடு பேச வழி செய்தது என்றும் படிக்கலாம். ஒரே செயல் இரண்டு காரணங்களைத் தாங்கும் இடங்களில்தான் கல்கியின் கரிகாலன் உயிரோடு இருக்கிறான். ஆனாலும் இது என் ஊகம். ரசிகர் மொழியில் ஹெட்கேனன். மூலத்தில் இல்லாததை, மூலத்தோடு மோதாதபடி, நான் என் மனத்தில் நிரப்பிக்கொண்டது. 'இது என் ஹெட்கேனன்' என்ற முன்னுரை பணிவுக்காகச் சொல்வதில்லை. கேட்பவர் அதை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை அது அறிவிக்கிறது. மூலத்தோடு முரண்படுகிறது என்று காட்டினால் நான் கைவிட வேண்டும். தமக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நான் கைவிட வேண்டியதில்லை.

பலருடைய ஹெட்கேனன் ஒன்றுபோல ஆகி, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, மூலத்திலேயே இருப்பதாக எல்லோரும் நம்பத் தொடங்கினால் அது ஃபேனான். இது ஆபத்தானது, ஏனென்றால் இதை யாரும் சரிபார்ப்பதில்லை. மணியம் தொடர்கதைக்கு வரைந்த ஓவியங்களில் நந்தினியின் சாய்ந்த கொண்டை நம் நினைவில் பதிந்துவிட்டது போலவே, அவளுடைய குணத்தைப் பற்றிய சில எண்ணங்களும் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் பதிந்திருக்கின்றன. 'இது எந்த அத்தியாயத்தில் வருகிறது?' என்று மரியாதையாகக் கேட்பதைக் குழுவின் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேட்பதும் கேட்கப்படுவதும் அவமானமில்லை என்று ஆகிவிட்டால் பாதிப் பிணக்கு இல்லை.

பேச்சு குழம்பும் இன்னொரு இடத்துக்கு ஆங்கில ரசிகர்கள் ஷெர்லாக் ஹோம்ஸிடமிருந்து ஒரு நல்ல பாகுபாட்டை எடுத்திருக்கிறார்கள். டாக்டர் வாட்சனுக்கு ஆப்கானிஸ்தான் போரில் பட்ட குண்டுக் காயம் முதல் நாவலில் தோளில் இருக்கிறது, இரண்டாவது நாவலில் காலில் இருக்கிறது. ஏன்? கதைக்குள்ளேயே நின்று 'இரண்டு குண்டுகள் பட்டிருக்க வேண்டும்' என்று விடை சொன்னால் அது வாட்சன் வழி விளக்கம். 'ஆர்தர் கோனன் டாயில் முன்பு எழுதியதை மறந்துவிட்டார்' என்று வெளியே நின்று சொன்னால் அது டாயில் வழி விளக்கம். அதே ஹோம்ஸ் அருவியில் விழுந்து இறந்ததாக வாட்சனை மூன்று ஆண்டுகள் நம்பவைத்தது ஏன் என்ற கேள்வியும் இப்படி இரண்டாகப் பிரியும். கதைக்குள், வாட்சனின் அன்பே அவரை அஜாக்கிரதையாக்கி இரகசியத்தை வெளியிடச் செய்யும் என்று தாம் அஞ்சியதாக ஹோம்ஸ் சொல்கிறார். வெளியே, டாயில் 1893இல் தம் நாயகனைக் கொன்றுவிட்டு 1903இல் மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வாட்சனை அவ்வளவு காலம் அழவிட்டவரின் நட்பு எப்படிப்பட்டது என்று எழுத உட்காரும் ரசிகருக்கு முதல் விடை மட்டுமே பயன்படும்.

நம் நாவலில் வந்தியத்தேவன் ஒவ்வொரு இரகசியக் கூட்டத்திலும் எப்படியோ ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டுவிடுகிறான். வாரத் தொடருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கி வேண்டும் என்பது டாயில் வழி விளக்கம், அது உண்மைதான். அடங்காத ஆவலும், ஆபத்து வந்தால் வாயால் சமாளித்துவிடலாம் என்ற தன்னம்பிக்கையும் அவனை எல்லாத் திரைக்குப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பது வாட்சன் வழி விளக்கம், அதுவும் உண்மை. ஒருவர் உள்ளே நின்று கேட்கும்போது மற்றவர் வெளியே நின்று பதில் சொல்வதுதான் பிசகு. 'கல்கிக்கு அந்த வாரம் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தது' என்ற பதில், மணிமேகலையின் துயரத்தைப் புரிந்துகொள்ள விழையும் ஒருவருக்குக் கதவை முகத்தில் அறைவது போலிருக்கும். எந்த வழியில் பேசுகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் இரண்டையும் ஒரே மாலையில் பேசலாம்.

இதுவரை சொன்னது மூலத்தைப் பற்றிய பேச்சு. ஒருவர் எழுதிய ரசிகர் கதையைப் பற்றிப் பேசுவது இன்னும் நுட்பமானது, ஏனென்றால் எழுதியவர் எதிரில் இருக்கிறார். இங்கே அதிகம் கேட்கும் குற்றச்சாட்டு, 'பாத்திரம் பிசகிவிட்டது', அதாவது ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர்). 'நந்தினி ஒருபோதும் மன்னிக்க மாட்டாள்' என்று படித்தவர் சொல்கிறார், 'என் நந்தினி மன்னிப்பாள்' என்று எழுதியவர் சொல்கிறார், அதோடு முடிந்துவிடுகிறது. இந்தக் குற்றச்சாட்டைச் சொல்ல நினைப்பவர் மூன்று செய்திகளைச் சேர்த்துத் தர வேண்டும்: எந்த வரி வரை தமக்கு அவள் நந்தினியாகத் தெரிந்தாள், எந்த வரியில் அது கலைந்தது, அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் தாம் எதை எதிர்பார்த்தார். 'வாளைக் கீழே போட்டதை நம்ப முடிந்தது. மறுநாள் காலையில் அவள் அமைதியாகப் பூத்தொடுப்பதை நம்ப முடியவில்லை. அந்த இரவை அவள் எப்படிக் கழித்தாள் என்று ஒரு பத்தியாவது வேண்டும்' என்று சொன்னால், எழுதியவருக்குச் செய்ய வேண்டிய வேலை கையில் கிடைத்துவிடும்.

குணம் மாறவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலத்தில் நந்தினி தயங்குகிறாள். அந்தத் தயக்கம் இருக்கும்போது மன்னிப்பு முடியாத காரியமில்லை. அதற்கு விலை என்ன என்பதுதான் கேள்வி. திருப்புறம்பியம் பள்ளிப்படையில் ஒரு சிறுவனுக்குப் பாண்டிய மன்னனாக முடி சூட்டிய ரவிதாசன் கூட்டம் அவளைச் சும்மா விடுமா? பழுவூர் அரண்மனையில் அவள் எந்த முகத்தோடு வாழ்வாள்? இவற்றுக்கு விடை இருந்தால் மன்னிக்கும் நந்தினியும் நந்தினிதான்.

குணம் என்பது என்ன செய்கிறார் என்பதைவிட எப்படிச் செய்கிறார் என்பதில் அதிகம் தெரியும். சக்கரவர்த்தியின் முன்னிலையில் 'அபாயம்! அபாயம்!' என்று சொல்லிவிட்டு, தஞ்சைக் கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் மடக்கியதும் 'அபயம் என்றல்லவா சொன்னேன்' என்று வந்தியத்தேவன் புரட்டிவிடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வாய்விடுவதும், விட்ட சொல்லிலிருந்தே ஓர் எழுத்தை மாற்றித் தப்பிப்பதும் அவன். அவனை வேற்று உலகில், அதாவது ஏயூ கதையில், இன்றைய சென்னையில் கூரியர் கொண்டுபோகும் இளைஞனாக வைத்தாலும் இந்த இரண்டும் இருந்தால் வாசகர் ஏற்றுக்கொள்வார். குதிரையும் வேலும் அப்படியே இருந்து, அவன் நாலு நாள் வாய் திறக்காமல் பொறுமையாக வேவு பார்த்தால் ஏற்க மாட்டார்.

எழுதியவர் பக்கத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. 'அவள் ஏன் இப்படிச் செய்தாள்?' என்று படித்தவர் கேட்டால், உடனே வாயால் விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், முதலில் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயால் சொல்லப்போகும் அந்தக் காரணம் கதையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, உங்கள் மனத்தில் மட்டும் இருக்கும். என் முதல் கதையில் படகோட்டிப் பெண் பூங்குழலி கோடிக்கரையை விட்டுப் போய்விடுவதாக எழுதிவிட்டு, படித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஆள், 'இதை என்னிடம் சொல்வதற்குப் பதில் அவளைச் சொல்ல விடலாமே' என்றார். காரணத்தை வசனமாகச் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை; சேர்த்தால் பெரும்பாலும் விளக்கவுரையாகத்தான் படும். மூலத்தில் நந்தினி பழிவாங்க வைத்திருக்கும் வாளைக் குழந்தையைப் போல அணைத்து வைத்துக்கொள்கிறாள். மன்னிப்பை நோக்கி நகரும் கதையில், ஓர் இரவு அவள் வாள் இருக்கும் பெட்டியைத் திறக்காமலே படுத்துக்கொள்ளட்டும். நாலு பக்கம் முன்பே வரும் அந்த ஒரு வரி, பின்னால் வரும் முடிவைத் தாங்கிக்கொள்ளும்.

பாத்திரத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதைப் பாத்திரத்துக்கு வக்காலத்து வாங்குவதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ரவிதாசனின் கண்ணால் ஒரு கதை எழுதினால், கொலைக்கு நியாயம் கற்பிக்கிறாயா என்று கேட்பார்கள். தன் அரசனின் தலை கோட்டை வாசலில் செருகப்பட்டதைக் கண்ட ஒருவன் என்ன ஆவான் என்று கேட்பதற்கும், அவன் செய்தது சரி என்று சொல்வதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. இதை நமக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் புதுமைப்பித்தன் முக்கியமானவர். 'சாபவிமோசன'த்தில் அவர் மூலக்கதையின் எந்த நிகழ்ச்சியையும் அழிக்கவில்லை. இராமன் அகலிகையை மீட்டான். அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான். இரண்டும் மூலத்தில் இருப்பவை. முதல் நிகழ்ச்சியின் அகலிகை இரண்டாவது நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டால் என்ன ஆவாள் என்று மட்டுமே கேட்டார்; அவள் மீண்டும் கல்லானாள். ரசிகர் புனைவு எழுதுபவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மூலத்தில் தொலைவில் கிடக்கும் இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, நடுவில் ஒரு பாத்திரத்தை நிறுத்துவது.

ஜோடிப் பற்று, அதாவது ஷிப்பிங், இந்தப் பேச்சைக் கெடுக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை இறப்பதைத் தாங்க முடியாத ரசிகர்கள், அவளைப் பிழைக்கவைத்து அவனுக்கே மணமுடிக்கும், மூலத்தின் சோகத்தைச் சரிசெய்யும் ஃபிக்ஸ்-இட் கதைகளை எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ஆசை நியாயமானது. ஆனால் நடுவில் வந்தியத்தேவனின் காதலி குந்தவை நிற்கிறாளே. அவளை விலக்குவதற்கு எளிய வழி, அவளை அதிகாரப் பித்துப் பிடித்தவளாக்கிவிடுவது. விரும்பாத ஜோடியைப் பிரிப்பதற்காக ஒரு பாத்திரத்தைக் கெட்டவராக்குவதை ரசிகர்கள் பாஷிங் என்பார்கள். இப்படி ஒரு கதை உங்கள் கைக்கு வந்தால், ஜோடியைப் பற்றி எதுவும் சொல்லாமல், குந்தவை எந்தக் காட்சியில் முதன்முதலாக மாறுகிறாள், அந்த மாற்றம் ஜோடி பிரிவதைத் தவிர வேறு எதற்காவது தேவைப்படுகிறதா என்று மட்டும் கேளுங்கள். தேவைப்படவில்லை என்றால் எழுதியவருக்கே தெரிந்துவிடும். குந்தவை குந்தவையாகவே இருந்தும் அவன் மணிமேகலையைத் தேர்ந்தெடுக்கும் கதை எழுதக் கடினமானது. முடிந்தால் மிக நல்ல கதையாக வரும்.

சில கேள்விகளுக்கு மூலம் விடை தராது. கொலை நடந்த அறையில் விளக்கு அணைந்துவிடுகிறது. வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது. மணிமேகலை தான் கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தாம் ஏற்கிறார். தொடர் முடிந்ததும் வாசகர்கள் கேள்விகளாக எழுதிக் குவிக்க, கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் அந்த இருட்டு முழுவதும் விலகவில்லை. இத்தகைய இடத்தில் ஒரு குழு ஒரே விடைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று முயல்வது வீண். ஒவ்வொருவரும் தம் விடையை ஒரு காட்சியாக எழுதிக் கொண்டுவந்து, அதில் மற்ற பாத்திரங்களின் செயல்களும் பொருந்துகின்றனவா என்று சேர்ந்து பார்ப்பது பயன் தரும். அப்படி எழுத உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது கொன்றது யார் என்பதை அல்ல. யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருப்பவனுக்குத் தெரிவது வேறு, திரைக்குப் பின்னால் நிற்பவளுக்குத் தெரிவது வேறு, காளாமுகர் வேடத்தில் உள்ளே நுழையும் கிழவருக்குத் தெரிவது வேறு; ஆகவே விளக்கு அணையும்போது தம் கதையைச் சொல்பவர் அந்த அறையில் எந்த மூலையில் நிற்கிறார் என்பதைத்தான்.